சார்ஜ் நிற்காத லேப்டாப்: புது பேட்டரியா, செல் மாற்றுவதா, வயரிலேயே ஓட்டுவதா?

பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டி. தேதி 20. ஜிஎஸ்டிஆர் 3பி, அதாவது மாத ஜிஎஸ்டி கணக்கு, போடக் கடைசி நாள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்தே அந்தப் பக்கம் கரண்ட் இல்லை. மண்டிக்காரர் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுக்க, நான் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். வீட்டில் நூறு ஆக்கிக்கொண்டு போனது, ஒரு மணி நேரத்தில் 38 சதவீதத்துக்கு வந்திருந்தது. சரி, இன்னும் அரை மணி தாங்கும் என்று நினைத்த நேரத்தில் திரை கறுத்துவிட்டது.

"என்ன சார், உங்க லேப்டாப்புக்கும் இன்னைக்குப் பராமரிப்பா?" என்றார் மண்டிக்காரர்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. தொழில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது. லேப்டாப் 2018இல் வாங்கியது, ஐ5 எட்டாம் தலைமுறை. இடையில் எஸ்எஸ்டி போட்டு, ராம் கூட்டியதால் வேகத்தில் குறை ஒன்றுமில்லை. பேட்டரி மட்டும் கிழவனாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க யாரிடம் சொன்னாலும் ஒரு யோசனை கிடைத்தது. புதிதாக ஒரிஜினல் போடு என்றார் ஒருவர். டூப்ளிகேட் போதும், பாதி விலை என்றார் இன்னொருவர். உள்ளே செல்லை மட்டும் மாற்று என்றான் தம்பி. பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு வயரிலேயே ஓட்டு என்றார் மாமனார். லேப்டாப்பையே மாற்றிவிடு என்று சொன்னது என் மனைவி. அது ஆலோசனையா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

எல்லாமே யாரோ ஒருவருக்குச் சரியான யோசனைதான். ஆனால் வயர் இல்லாமல் எத்தனை நிமிடம் வேண்டும் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. நானும் அதுவரை அப்படி யோசித்ததில்லை. யோசித்துப் பார்த்தபின் முடிவு தானாக வந்துவிட்டது.

அதற்கு முன்னால், குற்றவாளி பேட்டரிதானா என்று பார்க்க வேண்டும். சார்ஜர் தேய்ந்திருக்கலாம். லேப்டாப்பில் வயர் செருகும் பின் ஆட்டம் கண்டிருக்கலாம். தேவனாம்பட்டினம் பக்கம் இருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவருக்கு அந்தப் பின்னில்தான் பச்சை பூத்திருந்தது, உப்புக் காற்றின் வேலை. பேட்டரி வாங்க 3,000 ரூபாயோடு கிளம்பியவர், பின்னை மாற்ற 500 ரூபாய் கொடுத்துவிட்டுத் திரும்பினார். சில லேப்டாப்புகளில் அறுபது அல்லது எண்பது சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி ஒரு அமைப்பு இருக்கும். பேட்டரியைக் காப்பாற்றத்தான் அது. ஆன் செய்தது நினைவில்லாமல், "அறுபதுக்கு மேல ஏற மாட்டேங்குது" என்று கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு.

இதெல்லாம் சரியாக இருந்தால், அடுத்தது அளவு. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, முன்பக்கம் சாய்ந்த ஒரு கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். ஒரு கோப்பு உருவாகும், எங்கே வைத்திருக்கிறது என்று அங்கேயே காட்டும். அதைத் திறந்தால் இரண்டு எண்கள் இருக்கும். டிசைன் கெப்பாசிட்டி என்பது பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி இன்று இருப்பது. என்னுடையதில் முதலாவது 45,000 மில்லிவாட் ஹவர் (45 வாட் ஹவர்), இரண்டாவது 19,800. அதாவது 44 சதவீதம் மிச்சம். இது பெரிய அதிசயமில்லை. சாதாரண லேப்டாப் பேட்டரி முந்நூறு முதல் ஐந்நூறு முறை முழுசாக ஏறி இறங்கினால் எண்பது சதவீதத்துக்கு வந்துவிடும். என் பேட்டரி அந்தக் கணக்கைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது.

அப்படியானால் 38இல் ஏன் அணைந்தது? என் பேட்டரிக்குள் மூன்று செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. மூன்று மாடு பூட்டிய வண்டி மாதிரி. ஒன்று படுத்துவிட்டால் மற்ற இரண்டில் தெம்பு இருந்தும் பயனில்லை. பலவீனமான செல்லின் மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று மொத்தப் பேட்டரியையும் துண்டித்துவிடும். திரையில் தெரியும் சதவீதம் வெறும் மதிப்பீடு, அது இந்தப் பலவீனத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒருமுறை நூறு வரை ஏற்றி, தானாக அணையும் வரை இறக்கி, மறுபடி நூறு ஏற்றினால் மதிப்பீடு ஓரளவு திருந்தும். காட்டுகிற எண் திருந்துமே தவிர, போன கொள்ளளவு திரும்பி வராது.

அப்படி இறக்கி ஏற்றுவதை வாராவாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியம் அயனுக்கு அடிக்கடி பூஜ்யத்துக்குக் கொண்டுபோவது கெடுதல். பேட்டரியைக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று ஒரு வைத்தியமும் சுற்றுகிறது. செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது மாமனாரின் யோசனை. வயரிலேயே ஓட்டுவது என்றால் பலரும் கேவலமாக நினைக்கிறார்கள். எனக்கென்னவோ இதுதான் பாதிப் பேருக்குப் போதும் என்று தோன்றுகிறது. அவர் இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில். லேப்டாப் மேசையை விட்டு நகர்ந்ததே இல்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியோடு. அதன் 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட் ஹவர், என் லேப்டாப் பேட்டரி புதிதாக இருந்ததைப் போல நாற்பது மடங்கு. கூடத்து ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு லேப்டாப்பை அது கண்டுகொள்ளவே செய்யாது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் கண்சிமிட்டும் நேரம்தான் ஆபத்து. இன்வெர்ட்டரின் முகப்பில் அல்லது பின்பக்கம் யூபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள், அந்த நேரம் இன்னும் சுருங்கும். பேட்டரியில் பத்து நிமிடம் நின்றாலே அந்தக் கண்சிமிட்டலைத் தாண்டிவிடலாம். ஆக இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் சாகக் கிடக்கிற பேட்டரியும் வேலைக்கு ஆகும். அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். தவிர, சில மாடல்கள் பேட்டரியைக் கழற்றினால் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். உச்ச சுமையைச் சார்ஜர் மட்டும் தனியாகத் தாங்காது என்ற பயம் அதற்கு.

ஆனால் மாமனார் விஷயத்தில் கழற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. "டச்பேட் அமுங்க மாட்டேங்குது மாப்ள" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் டச்பேட் மேடு தட்டியிருந்தது, அடிமூடியின் ஒரு ஓரம் வாய் பிளந்திருந்தது. உள்ளே பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது. செல்லுக்குள் ரசாயனம் சிதைந்து வாயு சேர்வதால் வருவது இது. உப்பிய பேட்டரி எத்தனை நிமிடம் நின்றாலும் சரி, ஒப்பீட்டுக்கே வராது. அன்றே அணைத்து, வயரைப் பிடுங்கி, கழற்ற வேண்டும். அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது இரண்டும் தீப்பிடிக்கிற வேலை. திருகுகளைக் கழற்றத் தெரியாதவர்கள் அப்படியே கடைக்குக் கொண்டுபோவது நல்லது.

உப்பியதற்குக் காரணம் அவர் அதிகம் பயன்படுத்தியது இல்லை. நான்கு வருடம் நூறு சதவீதத்திலேயே வைத்து, மேற்கு பார்த்த ஜன்னலோரம் போட்டிருந்தார். லித்தியம் பேட்டரிக்கு முழு வயிறும் வெயிலும் சேர்ந்தால் ஆகாது. முழு சார்ஜோடு 25 டிகிரியில் ஒரு வருடம் சும்மா கிடந்தால் ஏறக்குறைய இருபது சதவீதம் கொள்ளளவு போகும். அதே 40 டிகிரியில் ஏறக்குறைய முப்பத்தைந்து. பாதிக்கும் கீழே சார்ஜ் வைத்து அதே 40 டிகிரியில் கிடந்தால் இழப்பு பதினைந்துக்குள் நிற்கும். கத்திரி வெயிலில் நம் ஊர் அறை எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். வயரிலேயே ஓட்டப்போகிறவர்கள், லேப்டாப்பில் சார்ஜ் வரம்பு அமைப்பு இருந்தால் முதல் நாளே அறுபதிலோ எண்பதிலோ வைத்துவிடுங்கள். மாமனாருக்கு இப்போது பேட்டரியே இல்லை. இன்வெர்ட்டரில் ஓடுகிறது. செலவு பூஜ்யம், குறையும் சொல்லவில்லை.

எனக்கு இது சரிவராது. ஒரு கடையில் இரண்டரை மணி நேரம் உட்காருவேன். ப்ளக் பாயின்ட் இருக்கும் கடையில் கரண்ட் இருக்காது, கரண்ட் இருக்கும் கடையில் ப்ளக் பாயின்ட் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும். எக்செலும் பிரவுசரும் ஓடும்போது என் லேப்டாப் ஏறக்குறைய 12 வாட் இழுக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு 30 வாட் ஹவர். 45 வாட் ஹவர் புது பேட்டரி போட்டால், இரண்டு வருடம் கழித்து எழுபது சதவீதத்துக்கு இறங்கினாலும் எனக்குத் தேவையான முப்பது இருக்கும். இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

தம்பி சொன்ன செல் மாற்றும் வேலையில் எனக்கு ஒரு பழைய சூடு உண்டு. முந்தைய லேப்டாப்பில் பேட்டரி தனியாகக் கழற்றக்கூடியது, உள்ளே உருளைச் செல்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனாலேயே அதற்கு 18650 என்று பெயர். ஒரு கடையில் கொடுத்து ஆறு செல்லையும் மாற்றினேன். நாலாம் மாதமே பழைய கதை. பிரித்துப் பார்த்தபோது செல்லின் மேல் 9900 மில்லிஆம்பியர் ஹவர் என்று அச்சிட்டிருந்தது. அந்த அளவு உருளையில் நல்ல கம்பெனிச் செல்லே 3,500 பக்கம்தான் கொடுக்கும். 9900 என்று போட்டிருந்தால் அது போலி, வேறு சோதனையே வேண்டாம். கையில் வைத்தாலே காற்றாக இருந்தது. நல்ல செல் ஒன்று 45 கிராம் பக்கம் இருக்கும்.

செல் மாற்றுவதே மோசடி என்று சொல்ல வரவில்லை. ஸ்பாட் வெல்டிங் மெஷின் வைத்து நிக்கல் பட்டையை ஒட்டுகிற, ஒரே தொகுப்புச் செல்லை மின்னழுத்தம் பார்த்துச் சேர்க்கிற ஆள் கிடைத்தால் நல்லபடியாகவே வரும். சாலிடரிங் அயர்னை நேராகச் செல்லின் மேல் வைக்கிற கடை என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அந்தச் சூட்டிலேயே செல் பாதி போய்விடும். இன்னொரு சிக்கல், பேட்டரிக்குள் இருக்கும் சிப். பழைய செல்லின் கொள்ளளவை அது நினைவில் வைத்திருக்கும். செல்லைப் பிரித்ததும் சில சிப்புகள் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க மென்பொருளும் கருவியும் வேண்டும். கடைக்காரரிடம் "சிப் ரீசெட் பண்ணுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். இப்போதைய மெல்லிய லேப்டாப்புகளில் இருப்பது உருளை இல்லை, தட்டையான பை மாதிரிச் செல். அதற்கு ஒத்த செல் தேடி மாற்றுவது வீண் வேலை. என் கணக்கில், வேறு பேட்டரியே சந்தையில் கிடைக்காத மாடலுக்கு மட்டும்தான் இந்த வழி.

மீதி இருப்பது ஒரிஜினலா, கம்பாட்டிபிளா என்பது. டூப்ளிகேட் என்று மக்கள் பொதுவாகச் சொல்வதில் இரண்டு ஜாதி உண்டு. வேறு கம்பெனி தன் பெயரைப் போட்டு, தன் வாரண்டியோடு விற்கிற கம்பாட்டிபிள் ஒன்று. லேப்டாப் கம்பெனியின் பெயரையே திருடி ஒட்டியிருப்பது இன்னொன்று. முதலாவது நேர்மையான பொருள், பெயர் திருடிய இரண்டாவதைத் தொடவே தொடாதீர்கள்.

சர்வீஸ் சென்டரில் ஒரிஜினலுக்கு 5,900 சொன்னார்கள், வரவழைக்க இரண்டு வாரம். இதற்கிடையில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவர் சீல் உடைக்காத ஒரிஜினல் 4,200க்கு இருக்கிறது என்று போட்டோ அனுப்பினார். லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தயாரித்தது 2020. பயன்படுத்தாவிட்டாலும் லித்தியத்துக்கு வயதாகும். அது எந்தத் தகரக் கொட்டகைக் கிடங்கில் எத்தனை கோடை பார்த்ததோ, கொஞ்சம் கொஞ்சமாகத் தானே இறங்கி எந்த நிலையில் இருக்கிறதோ. சீல் உடையாததால் வயது நின்றுவிடுமா என்ன? மூன்று நான்கு வருடத்துக்குள் வாங்கிய லேப்டாப் என்றால் ஒரிஜினலே போடுங்கள், பேட்டரி புதுச் சரக்காகக் கிடைக்கும். என்னுடையதைப் போல உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு ஒரிஜினல் என்ற சொல்லுக்காகக் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தயாரித்த தேதிக்குத்தான் கொடுப்பேன்.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு கடையில் கம்பாட்டிபிள் பேட்டரி போட்டேன். 2,600 ரூபாய், ஆறு மாத வாரண்டி. தயாரித்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும், ஐஎஸ் 16046 என்ற எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் லேபிளில் இருந்தன. இது இல்லாத பேட்டரியை இந்தியாவில் விற்கவே கூடாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. லேப்டாப் மாடல் பெயரைச் சொல்லிப் பேட்டரி வாங்காதீர்கள். ஒரே மாடலில் ஹார்ட் டிஸ்க் இடம் இருக்கும் வகைக்குச் சின்னப் பேட்டரியும், இல்லாத வகைக்குப் பெரிய பேட்டரியும் வரும். ஒன்று 7.6 வோல்ட், இன்னொன்று 11.4 வோல்ட். கழற்றிய பழைய பேட்டரியின் மேல் இருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வோல்ட், வாட் ஹவர், இணைப்பு வயரின் நீளம் எல்லாம் பொருந்த வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி வந்ததும் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று பாருங்கள். விமானத்தில் அனுப்பும் தனிப் பேட்டரியில் முப்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்பது விதி, அதனால் குறைவாக வருவது இயல்பு. உயிரே இல்லாமல் வந்தால் கிடங்கில் தூங்கிய சரக்கு என்று சந்தேகப்படலாம்.

கடையிலேயே பொருத்தி, காசு கொடுப்பதற்கு முன் அந்த ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தேன். கடைப் பையன் முகம் மாறியது. "இதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்கண்ணா" என்றான். டிசைன் 45,000, ஃபுல் சார்ஜ் 43,900, ஏறி இறங்கிய எண்ணிக்கையைச் சொல்லும் சைக்கிள் கவுன்ட் 1. திருப்தியோடு காசைக் கொடுத்தேன்.

மனைவியின் யோசனையையும் நியாயமாகவே எடைபோட்டேன். லேப்டாப்பை இன்று விற்றால் கிடைக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேட்டரிக்கு ஆகும் என்றால் நின்று யோசிக்க வேண்டும். கீல் உடைந்து, திரையில் கோடும் விழுந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான லேப்டாப்புகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. என்னுடையது மயிரிழையில் தப்பியது. ஆபீஸ்களில் கழித்த பழைய லேப்டாப்புகளைப் புதுப்பித்து விற்கிறார்கள், விலையும் நன்றாக இருக்கும். ஆனால் அதிலிருக்கும் பேட்டரியும் கிழம்தான், அங்கேயும் முதல் வேலை ரிப்போர்ட் எடுப்பது.

அக்கா மகள் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறாள். கையில் இருப்பது பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப், 2011இல் தொடங்கிய திட்டத்தில் பின்னாளில் வாங்கியது. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். பேட்டரி முழுசாகப் போய்விட்டது, கரண்ட் சிமிட்டினால் அணைந்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டரும் இல்லை. "யூபிஎஸ் ஒண்ணு வாங்கிடவா மாமா?" என்று கேட்டாள். அதற்குள்ளும் ஈய அமில பேட்டரிதான், இரண்டு மூன்று வருடத்தில் அதுவும் மாற்றக் கேட்கும். அவளுக்கு வேண்டியது அரை மணி நேரம். கழற்றி மாட்டுகிற வகை என்பதால் 1,400 ரூபாய்க்குக் கம்பாட்டிபிள் கிடைத்தது. விண்டோஸ் தடுமாறியதால் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் அந்த லேப்டாப்பில் ஒரு ரூபாய் கூடப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பவர் பேங்க்கைப் பற்றிக் கேட்கிறார்கள். டைப் சி வழியாகச் சார்ஜ் ஏறும் லேப்டாப் என்றால் 65 வாட் கொடுக்கக்கூடிய 20,000 மில்லிஆம்பியர் ஹவர் பவர் பேங்க் நல்ல தோழன். உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் ஹவர், இழப்பு போக அறுபது கையில் கிடைக்கும். உருண்டைப் பின் லேப்டாப்புக்கு மாற்றுக் கேபிள் விற்கிறார்கள், ஆனால் சில கம்பெனி லேப்டாப்புகள் தன் சார்ஜரை அடையாளம் கண்டால்தான் ஒழுங்காக ஏற்றும். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

புயல் அடித்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது என்பதும் உண்மைதான். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் பத்து நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. அந்தப் பத்து நாளுக்கு எந்தப் பேட்டரி தாங்கும்? மெழுகுவர்த்தியும் நோட்டுப் புத்தகமும்தான்.

மாமனாரின் உப்பிய பேட்டரியை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுக்கத் தயாராக இருந்தார். வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், கொடுக்க மறுத்துவிட்டேன். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகும் வரை வீட்டுக்குள் வைக்க மனமில்லாமல், முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய மண் தொட்டியில் புதைத்து மொட்டை மாடியில் நிழலில் வைத்தேன். மறுநாள் மாமியார் போன் செய்தார்.

"மாடியில தொட்டி வெச்சிருக்கீங்களே மாப்ள, என்ன விதை? தண்ணி ஊத்தட்டுமா?"